ஆலோசனை சொல்ல ஆள் தேவை

ஆள் தேவை.

சம்பளம் கிடையாது. பி.எஃப்., போனஸ், பென்ஷன் எதுவும் கிடையாது. மாதத்தில் இரண்டு மூன்று சாயங்காலம், ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போகிற நேரத்தில், ஏதாவது ஒரு பள்ளிக்கூட ஹாலில் வந்து உட்கார வேண்டும். ராத்திரி ரொம்ப நேரமானாலும் எழுந்து போகக் கூடாது. எதிரே நிற்பவர்கள் திட்டுவார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் கேட்டு, விவாதித்து, ஓட்டுப் போட்டு நீங்கள் ஒரு முடிவு சொல்லலாம். ஆனால் அந்த முடிவை யாரும் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும் என்று சட்டம் கிடையாது.

விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். பேட்டி உண்டு!

இப்படி ஒரு விளம்பரம் வந்தால் நாம் என்ன செய்வோம்? பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனால் நியூயார்க் நகரத்தில் வருஷா வருஷம் ஆள் வருகிறார்கள். வக்கீல் வருகிறார். டீச்சர் வருகிறார். மளிகைக் கடைக்காரர் வருகிறார். ரிடையரான பெரியவர் வருகிறார். பதினாறு வயசுப் பையன்கூட வருகிறான். விண்ணப்பம் எழுதி, பேட்டிக்கு உட்கார்ந்து, இடம் கிடைக்காமல் திரும்பிப் போகிறவர்களும் உண்டு.

அந்த இடத்துக்குப் பெயர், கம்யூனிட்டி போர்டு.

நியூயார்க் என்பது ஒரே ஊர் மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஐந்து பெரும் பகுதிகள். மன்ஹாட்டன், புரூக்ளின், குவீன்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட். ஒவ்வொன்றையும் 'பரோ' என்பார்கள். ஒவ்வொரு பரோவுக்கும் தேர்தலில் ஜெயித்து வந்த ஒரு பிரசிடெண்ட். இந்த ஐந்தையும் மொத்தம் 59 வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு போர்டு. போர்டுக்கு அதிகபட்சம் 50 பேர். கணக்குப் போட்டால் 2,950 நாற்காலிகள். அத்தனையிலும் உட்காருவது சம்பளம் வாங்காத பொதுஜனம். அந்த வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும், அல்லது வேலை பார்க்க வேண்டும், அல்லது அங்கே வேறு ஏதாவது முக்கியமான தொடர்பு இருக்க வேண்டும். பதவிக்காலம் 2 வருஷம். நியமிப்பவர் பரோ பிரசிடெண்ட். அதில் பாதிப் பேரை அந்தப் பகுதியின் நகரசபை உறுப்பினர்கள் சிபாரிசு செய்வார்கள்.

என்ன வேலை? புதுக் கட்டடம் வருகிறதா, மதுக்கடைக்கு லைசென்ஸ் கேட்கிறார்களா, நகர பட்ஜெட்டில் நம் பேட்டைக்கு என்ன வேண்டும்... எல்லாவற்றிலும் அபிப்பிராயம் சொல்வது. கவனியுங்கள். அபிப்பிராயம் மட்டும்தான். ஆணை அல்ல.

அதிகாரமே இல்லாத ஒரு நாற்காலிக்கு எதற்கு விண்ணப்பம், எதற்குப் பேட்டி? அது புரிய வேண்டுமானால் ராபர்ட் மோசஸ் என்ற ஆசாமியைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

*

மோசஸ் எந்தத் தேர்தலிலும் ஜெயித்ததில்லை. 1934-ல் ஒரே ஒரு முறை, நியூயார்க் மாநில கவர்னர் பதவிக்கு நின்றார். படுதோல்வி. ஆனால் ஏறக்குறைய நாற்பது வருஷம் அந்த நகரத்தின் பாலங்கள், பூங்காக்கள், நெடுஞ்சாலைகள், குடியிருப்புகள் எல்லாம் எங்கே வரும், எது இடிபடும் என்று தீர்மானித்தவர் அவர்தான். ஒரு கட்டத்தில் ஒரே சமயத்தில் 12 பதவிகள். எல்லாமே நியமனப் பதவிகள்.

அவரைப் பற்றி ராபர்ட் கேரோ 1974-ல் எழுதிய 'தி பவர் புரோக்கர்' புத்தகத்தில் ஒரு காட்சி வரும். 1954 ஜனவரி 1. ராபர்ட் வாக்னர் புது மேயராகப் பதவியேற்கிறார். மோசஸுக்கு வழக்கமான பதவிகளில் இரண்டைக் கொடுக்கிறார். மூன்றாவதான நகரத் திட்டக் கமிஷன் பதவியை மட்டும் கொடுக்காமல் தவிர்க்கப் பார்க்கிறார். மோசஸ் நேராக மேயரின் அறைக்குப் போனார். கொடுக்காவிட்டால் எல்லாவற்றையும் ராஜினாமா செய்வேன் என்றார். நியமன ஃபாரம் இன்னும் டைப் ஆகவில்லை என்று மேயர் மழுப்பினார். மோசஸ் பக்கத்து அறைக்குப் போய் வெற்று ஃபாரம் ஒன்றை எடுத்து, தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். வாக்னர் கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவுதான் பேட்டி!

இதன் விலை என்ன என்று பிராங்க்ஸில் போய்ப் பார்க்கலாம். 1952 டிசம்பரில் ஈஸ்ட் ட்ரீமாண்ட் என்ற பேட்டையில் இருந்தவர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் வீட்டு வழியாக நெடுஞ்சாலை போகிறது, 90 நாளில் காலி செய்யவும். ஒரே ஒரு மைல் சாலைக்காக 1,530 குடும்பங்கள். சாலையை இரண்டு தெரு தள்ளிப் போட்டால் ஆறு கட்டடங்களோடு போயிற்று என்று அந்த மக்களே வரைபடத்தோடு போய் நின்றார்கள். கெஞ்சினார்கள். கூட்டம் போட்டார்கள். சாலை வளையவில்லை. குடும்பங்கள்தான் போயின.

அந்த மக்களுக்கு நகர நிர்வாகத்தில் எந்த நாற்காலியும் இல்லை. சாலையைத் தடுக்கும் நாற்காலியைச் சொல்லவில்லை. 'இது சரியில்லை' என்று அதிகாரபூர்வமாக எழுதி வைக்கும் நாற்காலிகூட இல்லை.

விசித்திரம் என்னவென்றால், அப்படி ஒரு நாற்காலியை முதலில் செய்து பார்த்தவரும் அதே வாக்னர்தான். மேயராவதற்கு முன் மன்ஹாட்டன் பரோ பிரசிடெண்டாக இருந்தபோது, 1951-ல், தன் பரோவை 12 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதினைந்து, இருபது பேர் கொண்ட ஆலோசனைக் குழு வைத்தார். மன்ஹாட்டனுக்கு மட்டும். பிராங்க்ஸுக்குக் கிடையாது. 1963-ல் நகர சாசனம் திருத்தப்பட்டபோதுதான் இந்த ஏற்பாடு ஐந்து பரோக்களுக்கும் விரிந்தது. 1975-ல் இன்னொரு பெரிய திருத்தம். இப்போதிருக்கும் 59 போர்டு அமைப்பு அதிலிருந்து வந்தது. நில உபயோகத்தை மாற்றும் பெரிய திட்டம் எதுவானாலும் முதலில் போர்டுக்கு வர வேண்டும், போர்டு 60 நாளுக்குள் கருத்துச் சொல்லலாம், பிறகுதான் மேலே போக வேண்டும் என்ற வரிசையும் அப்போது வந்ததே.

கடைசி வார்த்தை போர்டுக்குக் கிடையாது. முதல் வார்த்தை உண்டு.

*

சரி, நாற்காலி வந்துவிட்டது. யாரை உட்கார வைப்பது?

இங்கேதான் பழைய வியாதி எட்டிப் பார்க்கிறது. நியமிக்கும் அதிகாரம் அரசியல்வாதி கையில். அவருக்குத் தேர்தலில் வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள். நன்கொடை கொடுத்தவர்கள் இருப்பார்கள். 'நம்ம ஆளு' என்று ஒரு பட்டியல் எப்போதும் பாக்கெட்டில் இருக்கும். எம்.எல்.ஏ. லெட்டர் இல்லாமல் எதுவும் நகராத ஊரில் வாழ்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நியூயார்க்கிலும் பல இடங்களில் இதுதான் கதை. தெரிந்தவர் சொன்னால் இடம். ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் பத்து வருஷம், இருபது வருஷம்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-ல் இதை ஒரு ஏணியாக வரைந்து காட்டினார். மக்கள் பங்கேற்பு என்கிற ஏணிக்கு எட்டுப் படிகள் என்றார். உச்சிப் படியில் மக்களே நிர்வகிக்கிறார்கள். அடிப்படியில் என்ன தெரியுமா? ஆட்டுவிக்கப்படுதல். ரப்பர் ஸ்டாம்ப் ஆலோசனைக் குழுக்களை அவர் அந்த அடிப்படியில்தான் வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் குழு இருக்கிறது, கூட்டம் நடக்கிறது, மினிட்ஸ் எழுதுகிறார்கள். உள்ளே, முன்பே எடுத்த முடிவுக்குக் கைதூக்குகிறார்கள். அரசாங்கத் திட்டங்களுக்குள் இருந்து வேலை பார்த்த அம்மணி. பார்த்ததைத்தான் எழுதினார்.

2006-ல் மன்ஹாட்டன் பரோ பிரசிடெண்டாக ஸ்காட் ஸ்டிரிங்கர் வந்தார். வந்ததும் இந்த நியமனத்தைத் திறந்து விட்டார். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்களை வடிகட்ட, வெளியிலிருந்து பொதுநல அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் கொண்ட தனிக்குழு. தேர்வானவர்களுக்குப் பயிற்சி. சிபாரிசுக் கடிதம் இருந்த இடத்தில் விண்ணப்பமும் பேட்டியும் வந்து உட்கார்ந்தன.

பேட்டி என்றதும் ஐ.ஏ.எஸ். இன்டர்வியூ மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். உலக அறிவு, தலைநகரங்கள் எதுவும் கிடையாது. இந்த மாதிரி குழுக்களுக்கு ஆள் எடுக்கும்போது கேட்க வேண்டியது நாலைந்து கேள்விகள்தான். இந்தப் பேட்டையோடு உனக்கு என்ன சம்பந்தம்? இங்கே எது சரியில்லை என்று நினைக்கிறாய்? உன் வேலை, சொத்து, பிசினஸ் எதாவது நாளைக்கு இந்தக் குழுவுக்கு முன்னால் விவகாரமாக வந்து நிற்குமா? மாதாமாதம் வர முடியுமா? எதிர்க்கருத்து உள்ளவனோடு மேஜையைத் தட்டாமல் பேசத் தெரியுமா?

சாதாரணக் கேள்விகள்தான். ஆனால் 'நீ யாருடைய ஆள்' என்ற கேள்வி இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது போன பிறகுதான், எந்தக் கட்சி வாசலையும் மிதிக்காத ஒரு டீச்சரம்மா துணிந்து விண்ணப்பம் எழுத முடிந்தது.

*

பேட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அதற்கு மறு வருஷமே ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரூக்ளினில், உதாரணம் கிடைத்தது.

அட்லாண்டிக் யார்ட்ஸ் என்று ஒரு பிரமாண்டத் திட்டம். 22 ஏக்கர். கூடைப்பந்து அரங்கம். சுற்றிலும் அடுக்குமாடிக் கோபுரங்கள். 2003-ல் அறிவித்தார்கள். புரூக்ளின் பரோ பிரசிடெண்ட் மார்ட்டி மார்க்கோவிட்ஸ் இதன் பரம ரசிகர். சொந்த ஊருக்கு ஒரு டீம் வரவேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் 2006-ல் அந்தப் பகுதியின் 6-ம் எண் கம்யூனிட்டி போர்டு திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. அது வெறும் அபிப்பிராயம். மாநில அரசு மூலம் நடந்த திட்டம் என்பதால் வழக்கமான அந்த 60 நாள் வரிசைகூட அதற்குப் பொருந்தவில்லை. காகிதத்தில் நாலு வரி, அவ்வளவுதான்.

2007-ல் பதவிக்காலம் முடிந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் பலருக்கு மறு நியமனம் கிடைக்கவில்லை. பத்திரிகைகள் இதைக் களையெடுப்பு என்று எழுதின. சட்டப்படி தப்பே இல்லை. இரண்டு வருஷம் முடிந்தது, நியமிப்பவர் நியமிக்கவில்லை. யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. அரங்கம் 2012-ல் திறந்தது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விஷயம் சட்டென்று உறைக்கும். ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டரை யார் நியமிக்க வேண்டும்? மேனேஜிங் டைரக்டர் இல்லை. ஷேர்ஹோல்டர்கள், வருடாந்திரக் கூட்டத்தில். ஏன்? எவன் கணக்கைப் பார்க்கப் போகிறோமோ அவன் கையில் நம் வேலை இருந்தால், பேனா தானாகவே 'எல்லாம் சரி' என்று எழுதிவிடும். ஆடிட்டர் திருடனாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. குடும்பஸ்தனாக இருந்தாலே போதும்.

கம்யூனிட்டி போர்டின் பலவீனம் இதுதான். ஆலோசனை கேட்கிறவரும், ஆலோசகரை நியமிக்கிறவரும் அநேகமாக ஒரே ஆள். முதல் பேட்டி விண்ணப்பம் போட்டதும் நடக்கிறது. இரண்டாவது பேட்டி இரண்டு வருஷம் முழுக்க நடக்கிறது. அதில் கேள்வியே கிடையாது. ஒவ்வொரு முறை கை தூக்கும்போதும், தூக்காதபோதும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

*

பயம் மேலே இருந்து மட்டும்தான் வருமா? எதிரே இருந்தும் வரும்.

2010 மே 25. கீழ் மன்ஹாட்டன். 1-ம் எண் கம்யூனிட்டி போர்டின் கூட்டம். இரட்டைக் கோபுரம் இருந்த இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய துணிக்கடைக் கட்டடத்தில் இஸ்லாமியக் கலாசார மையம் ஒன்று கட்டத் திட்டம். பார்க் 51 என்று பெயர். தொழுகை இடம், அரங்கம், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. சட்டப்படி போர்டின் சம்மதம் தேவையே இல்லை. இருந்தாலும் விஷயம் போர்டுக்கு வந்தது.

ஹால் நிரம்பி வழிந்தது. 2001 செப்டம்பர் 11-ல் சொந்தங்களை இழந்தவர்கள் வந்திருந்தார்கள். எதிர்த்தும் பேசினார்கள், ஆதரித்தும் பேசினார்கள். சிலர் படங்களை ஏந்தி நின்றார்கள். கூச்சல், அழுகை. மணிக்கணக்கில் நடந்தது. தேசம் முழுக்க டி.வி.யில் சண்டை போடப்போகிற ஒரு விவகாரத்தை, சம்பளமில்லாத சில பேட்டைக்காரர்கள் ஒரு ஹாலில் உட்கார்ந்து முதலில் சந்தித்தார்கள்.

ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 29. எதிர்ப்பு 1. ஓட்டுப் போடாமல் ஒதுங்கியவர்கள் 10.

இந்த விஷயத்தில் ஸ்டிரிங்கரும் திட்டத்துக்கு ஆதரவுதான். ஆகவே நியமித்தவரை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் காலை அதே தெருவில் நடக்கப்போகிறவர்கள், அதே கடையில் பால் வாங்கப்போகிறவர்கள், எதிரே நின்று அழுகிற ஒரு தாயைப் பார்த்துக்கொண்டே கை தூக்குவது என்பது சின்ன விஷயம் அல்ல. அந்த 10 பேரையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அந்த ஹாலில் இருந்திருந்தால் நாம் எந்தக் கணக்கில் வந்திருப்போமோ!

ஆகஸ்ட் 3-ம் தேதி, பழைய கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்து இடிக்க விடாமல் செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை, நகரத்தின் சின்னங்கள் பாதுகாப்புக் கமிஷன் 9-0 என்று நிராகரித்தது. சட்டப்படி வழி திறந்தது. ஆனாலும் திட்டமிட்டபடி மையம் வரவில்லை. அந்த இடத்தில் கடைசியில் எழுந்தது ஒரு சொகுசு அடுக்குமாடி. அப்படியானால் அந்த 29 ஓட்டு வீணா? ஈஸ்ட் ட்ரீமாண்ட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே மக்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு நகர நிர்வாகத்தின் ஏட்டில் ஓட்டுக் கணக்கு கிடையாது. இங்கே இருக்கிறது. 29, 1, 10. யாரும் அழிக்க முடியாது.

*

அதன் பிறகும் சீர்திருத்தம் நின்றுவிடவில்லை. 2014-ல் மாநிலச் சட்டம் மாறி 16, 17 வயதுக்காரர்களும் போர்டில் சேரலாம் என்று ஆனது. போர்டுக்கு இரண்டு பேர் வரை. 2018 நவம்பரில் நகர மக்களே வாக்கெடுப்பில் பதவிக்காலத்துக்கு எல்லை வைத்தார்கள். தொடர்ச்சியாக நாலு தடவை, அதாவது எட்டு வருஷம். அதற்குப் பிறகு இடைவெளி. அன்றைய மன்ஹாட்டன் பரோ பிரசிடெண்ட் கேல் ப்ரூவர் உள்பட சிலர் இதை எதிர்த்தார்கள். அனுபவசாலிகளை அனுப்பிவிட்டால், பில்டர்களின் வக்கீல்களுக்கு எதிரே கத்துக்குட்டிகள்தானே உட்காருவார்கள் என்றார்கள். நியாயமான கவலைதான். மக்கள் கேட்கவில்லை.

அதே வாக்கெடுப்பில் இன்னொரு ஷரத்தும் வந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. எப்படி ஆள் தேடினோம், எப்படித் தேர்ந்தெடுத்தோம், போர்டில் இருப்பவர்கள் யார் யார் என்று பரோ பிரசிடெண்ட் வருஷா வருஷம் பகிரங்கமாக அறிக்கை தர வேண்டும். என்னைக் கேட்டால் இந்த 60, 70 வருஷக் கதையில் உருப்படியான ஷரத்து இதுதான் என்பேன். பட்டியல் வெளியில் இருந்தால், நேற்று எதிர்த்து ஓட்டுப் போட்டவர் இன்று ஏன் காணோம் என்று யாராவது கேட்பார்கள்.

போர்டுகளின் மேல் இன்னொரு பக்கத்திலிருந்தும் புகார் உண்டு. வீடு வாசல் உள்ள, வயதான, நேரம் இருக்கிறவர்களே அதிகம் வந்து உட்காருகிறார்கள். புதிதாக வீடு கட்ட யார் வந்தாலும் 'வேண்டாம்' என்கிறார்கள். வாடகை கொடுத்து மாளாத இளைஞன் அந்த ஹாலில் இல்லை என்கிறார்கள். இதிலும் உண்மை இருக்கிறது. 2025 நவம்பர் வாக்கெடுப்பில் சில வகை வீட்டுத் திட்டங்களுக்கு விரைவுப் பாதை போட்டுக் கொடுத்தார்கள் நியூயார்க்காரர்கள். மோசஸ் காலத்தில் யாருமே 'வேண்டாம்' சொல்ல முடியவில்லை. இப்போது 'வேண்டாம்' அதிகமாகிவிட்டதாம்!

ஆக, பேட்டியில் தேட வேண்டியது தலையாட்டியை அல்ல. எதற்கும் மறுப்புச் சொல்கிறவரையும் அல்ல. காது கொடுத்துக் கேட்டு, தேவையானால் மனசை மாற்றிக்கொண்டு, பிறகு கையை உயர்த்துகிறவரை. அந்தக் குணத்தை அரைமணி நேரக் கேள்வியில் கண்டுபிடிக்க எந்தக் குழுவாலும் முடியாது. முடிந்ததெல்லாம், அப்படிப்பட்டவர் உள்ளே வரக் கதவைத் திறந்து வைப்பது. வந்த பிறகு, உண்மை சொன்னதற்காகச் சத்தமில்லாமல் வெளியே அனுப்பப்படாமல் பார்த்துக்கொள்வது.

முதல் வேலையைப் பேட்டி எடுக்கிற குழு செய்துவிடும். இரண்டாவதை, போர்டுக்கு வெளியே இருக்கிற மிச்ச ஜனங்கள்தான் செய்ய வேண்டும். அதற்கும் சம்பளம் கிடையாது.